மருந்தே நோயான கதை

போன தடவை நூல் விலையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "பி.காம் படிச்சா கணக்கைத் தவிர வேற எதுவும் எழுதக் கூடாதா?" என்று வகுப்புத் தோழன் ஒருவன் கேட்டான். அதனால் இந்த முறை மருத்துவ வரலாறு. ஆனால் சுற்றிச் சுற்றி இதுவும் கணக்கில்தான் வந்து நிற்கப் போகிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக் கூடாது.

விஷயம் எங்கள் அத்தையிடமிருந்து ஆரம்பிக்கிறது. அத்தை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். இரண்டு வருடங்களுக்கு முன் அவருக்கு டி.பி. என்று தெரிந்தது. அரசாங்க மாத்திரைதான், காசு இல்லை. ஆறு மாதம் சாப்பிட வேண்டும். மூன்று வாரத்தில் இருமல் குறைந்தது, காய்ச்சல் நின்றது. எல்லோருக்கும் சந்தோஷம்.

ஒன்றரை மாதம் ஆனபோது விரல், முட்டி, கணுக்கால் என்று வலி ஆரம்பித்தது. செக்கிங் வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும். பீஸை எடுத்து, திருப்பிப் போட்டு, ஓட்டை, ஊசித் தப்பு, எண்ணெய்க் கறை பார்த்து, பிசிறு வெட்டி அடுக்க வேண்டும். நாள் முழுக்க விரல்தான் வேலை செய்யும். விரல் மடங்கவில்லை என்றால் சம்பளம் இல்லை. "கண்ணு, இருமல்தான் நின்னு போச்சே. இந்த மாத்திரைதான் என்னைய முடக்குது. இனி எதுக்கு இது?" என்றார். பக்கத்து மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக் கொண்டு, டி.பி. மாத்திரையை யாருக்கும் சொல்லாமல் 9 நாள் நிறுத்தியும் விட்டார்.

விஷயம் தெரிந்ததும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எங்கே வலிக்குது?" என்பது இல்லை. "மாத்திரை எந்தத் தேதியில ஆரம்பிச்சீங்க? வலி எந்தத் தேதியில வந்துச்சு?" என்பதுதான். அத்தைக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. கடைசியில் அத்தையின் சம்பள நோட்டு கைகொடுத்தது. வாரா வாரம் சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது எத்தனை ஷிப்ட், எந்த நாள் லீவு என்று அத்தை குறித்து வைப்பார். எந்த லீவுக்கு ஆஸ்பத்திரி போனார், எந்த வாரம் ஷிப்ட் குறைய ஆரம்பித்தது என்று அதில் இருந்தது. இரண்டு தேதியும் கிடைத்தன.

ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் அதிகமாக இருந்தது. டி.பி. மாத்திரையில் முதல் இரண்டு மாதம் மட்டும் இருக்கும் பைரசினமைட் என்ற மருந்தின் வேலை அது என்று டாக்டர் சொன்னார். தொந்தரவுதான், ஆனால் அந்த மருந்து முடிந்ததும் போய்விடும். அப்படியே போயும் விட்டது. போகிற போக்கில் அவர் இன்னொன்றும் சொன்னார்: "இது சாதாரணம். அபூர்வமா வேற ஒண்ணு வரும். அதே மாத்திரையில இருக்கிற ஐசோனியசிட் சில பேருக்கு லூபஸ் மாதிரி ஒரு நோயை உண்டாக்கும். உடம்பு தன்னைத்தானே தாக்க ஆரம்பிச்சிரும்."

நோயைத் தீர்க்கும் மாத்திரை இன்னொரு நோயை உண்டாக்குமா? இதை எப்படி, யார் கண்டுபிடித்தார்கள்? நான் தேடிப் படித்த வரலாறுதான் இந்தக் கட்டுரை.

காவல்காரனே கல்லெறிந்தால்

முதலில் லூபஸ் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். நம் உடம்பில் நோய் எதிர்ப்புச் சக்தி என்று ஒரு காவல் படை இருக்கிறது. கிருமி வந்தால் அதற்கென்று எதிர்ப்பொருள் செய்து தாக்கும். சிலருக்கு இந்தக் காவல்காரன் வீட்டு ஆட்களையே திருடன் என்று நினைத்து அடிக்க ஆரம்பித்துவிடுவான். இப்படி வரும் நோய்களைத் தன்னுடல் தாக்குநோய் என்கிறார்கள். லூபஸ் அதில் ஒன்று. அதில் நம் செல்களின் உட்கருவுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் உண்டாகும். மூட்டு வலி, காய்ச்சல், அசதி, முகத்தில் தடிப்பு, நுரையீரல் உறையில் நீர் என்று பல வடிவங்களில் வரும். சிறுநீரகத்தையும் மூளையையும் தொட்டுவிட்டால் ஆபத்து. தானாக வரும் லூபஸ் பெரும்பாலும் இளம் பெண்களைத்தான் பிடிக்கிறது, வாழ்நாள் முழுக்கக் கூடவே இருக்கும்.

மருந்தால் வரும் லூபஸ் இதன் தம்பி மாதிரி. மூட்டு வலி, காய்ச்சல், நெஞ்சு வலி எல்லாம் இருக்கும். ஆனால் சிறுநீரகத்தையும் மூளையையும் தொடுவது அபூர்வம். முக்கியமான வித்தியாசம், காரணமான மருந்தை நிறுத்தினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ நோய் விலகிவிடும். அதாவது காரணத்தைக் கண்டுபிடித்தாலே பாதி வைத்தியம் முடிந்தது. கண்டுபிடிக்காவிட்டால்? ஒரு நோய்க்கு மருந்து, அந்த மருந்தால் வந்த நோய்க்கு இன்னொரு மருந்து என்று வட்டிக்கு வட்டி கட்டுவது போலப் போய்க்கொண்டே இருக்கும்.

1945 முதல் 1954 வரை

இந்தக் கதையின் முதல் பதிவு 1945-இல் வந்தது. அமெரிக்காவில் ஹாஃப்மன் என்ற மருத்துவர், சல்ஃபாடயசின் என்ற சல்ஃபா மருந்து சாப்பிட்ட ஒருவருக்கு லூபஸ் போன்ற நோய் வந்ததை எழுதினார். பெனிசிலின் பரவலாக வருவதற்கு முன் உலகமே சல்ஃபா மருந்துகளைக் கொண்டாடிய காலம் அது. ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்பு என்பதால் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மால்கம் ஹார்கிரேவ்ஸும் அவருடைய சக மருத்துவர்களும் லூபஸ் நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையில் விசித்திரமான ஒரு செல்லைப் பார்த்தார்கள். ஒரு வெள்ளை அணு இன்னொரு செல்லின் உட்கருவை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருந்தது. அதற்கு எல்.இ. செல் என்று பெயர் வைத்தார்கள். இது ஏன் முக்கியம் என்றால், அதுவரை கண்ணால் பார்த்தும் அனுபவத்தாலும் மட்டுமே சொன்ன நோய்க்கு ஒரு பரிசோதனை கிடைத்தது. 1957-இல் ஜார்ஜ் ஃப்ரியூ உட்கருவுக்கு எதிரான எதிர்ப்பொருளை ஒளிரும் சாயம் வைத்துக் காட்டினார். இன்று ஏ.என்.ஏ. என்று லேபில் எழுதித் தருகிறார்களே, அதன் ஆரம்பம் இதுதான்.

இடையில் ரத்தக் கொதிப்பின் கதை வருகிறது. அந்தக் காலத்தில் அதற்கு நல்ல மருந்தே கிடையாது. 1949-இல் பம்பாயைச் சேர்ந்த மருத்துவர் ருஸ்தம் ஜல் வகீல், நம் நாட்டு மூலிகையான சர்ப்பகந்தாவின் வேர் ரத்தக் கொதிப்பைக் குறைக்கிறது என்று பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதி உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார். அதிலிருந்து வந்ததுதான் ரிசர்பின். அதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் சிபா கம்பெனி, மலேரியாவுக்கு மருந்து தேடப் போய், ரத்தக் கொதிப்பைக் குறைக்கும் ஹைட்ரலசைனைக் கண்டுபிடித்தது. 1950-களின் தொடக்கத்தில் அது அப்ரிசோலின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

மருந்து நன்றாக வேலை செய்தது. ஆனால் மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களில் சிலர் மூட்டு வலி, காய்ச்சல் என்று திரும்பி வந்தார்கள். 1954-இல் இரண்டு தனித்தனிக் குழுக்கள் இதை எழுதின. ஒன்று செயின்ட் லூயிஸில் பெர்ரி, ஷ்ரோடர் குழு. இன்னொன்று கிளீவ்லண்டில் ஹாரியட் டஸ்டன், இர்வின் பேஜ் குழு. இருவரும் சொன்னது ஒன்றுதான்: முடக்குவாதம் போலவும் லூபஸ் போலவும் ஒரு நோய் வருகிறது, மருந்தை நிறுத்தினால் போகிறது.

இவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று யோசித்தேன். புதுக் கருவி எதுவும் காரணம் இல்லை. ஒரே மருந்து சாப்பிடும் பல நோயாளிகளை ஒரே இடத்தில் வைத்து, மாதக்கணக்கில் விடாமல் பார்த்தார்கள். எப்போது ஆரம்பித்தோம், எவ்வளவு கொடுத்தோம், எப்போது வலி வந்தது என்று எழுதி வைத்திருந்தார்கள். நோயாளிகள் ஆளுக்கொரு டாக்டரிடம் போயிருந்தால் இது தெரிய வந்திருக்கவே வாய்ப்பில்லை. ஒவ்வொருவருக்கும் "வாதம்" என்று சொல்லித் தைலம் கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

சேத்துப்பட்டுக்கு வருவோம்

ஹைட்ரலசைனுக்கு வேதியியலில் ஒரு பங்காளி உண்டு. அதுதான் ஐசோனியசிட். இரண்டுமே ஹைட்ரசின் என்ற ஒரே குடும்பத்து மருந்துகள். ஐசோனியசிட்டை 1912-லேயே பிராகில் மேயர், மாலி என்ற இருவர் தயாரித்துவிட்டார்கள், ஆனால் எதற்குப் பயன்படும் என்று தெரியாது. நாற்பது வருடம் சும்மா கிடந்த பொருள், 1951-52-இல் டி.பி. கிருமியைக் கொல்லும் என்று மூன்று மருந்துக் கம்பெனிகளால் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. நியூயார்க்கின் சீவியூ மருத்துவமனையில் சாகக் கிடந்தவர்கள் எழுந்து ஆடிய படம் பத்திரிகைகளில் வந்தது. விலையும் மலிவு.

அப்போது நம் ஊரில் டி.பி. என்றால் சானடோரியம். 1928-இல் டேவிட் சவரிமுத்து தாம்பரத்தில் ஆரம்பித்தது பலருக்குத் தெரிந்திருக்கும். நமக்குப் பக்கத்தில் பெருந்துறை. இப்போது ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் அந்த இடத்தை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சானடோரியம் என்றுதான் சொல்கிறார்கள். நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை என்று மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். ஆனால் நோயாளிகள் லட்சக்கணக்கில், கட்டில்கள் ஆயிரக்கணக்கில்தான்.

1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து ஆரம்பித்தது. முதல் தலைவர் வாலஸ் ஃபாக்ஸ். அவர்கள் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், ஒரு பாதி தங்கள் சொந்தக் குடிசையில். இருவருக்கும் ஒரே மருந்து: ஐசோனியசிட்டும் பாஸ் என்ற இன்னொரு மருந்தும், ஒரு வருடம். முடிவு 1959-இல் வந்தது. வருடக் கடைசியில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும், வீட்டில் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. நல்ல சாப்பாடு, ஓய்வு எதுவும் இல்லாமலே! வீட்டில் இருந்தவர்களுக்கும் டி.பி. கூடுதலாகப் பரவவில்லை. உலகம் முழுக்க டி.பி. வைத்தியத்தை வீட்டுக்குக் கொண்டு வந்த ஆராய்ச்சி இது. இன்று அந்த மையம்தான் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். எங்கள் அத்தை வீட்டில் இருந்தபடி மாத்திரை சாப்பிட முடிந்ததற்கு இவர்கள்தான் காரணம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் அவர்கள் கணக்கு வைத்த விதம். ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நோயாளி வீட்டுக்குப் போவார்கள். மிச்சம் எத்தனை மாத்திரை இருக்கிறது என்று எண்ணுவார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போனதா என்று பார்ப்பார்கள். எங்கள் பாடத்தில் இதற்கு இருப்புச் சரிபார்ப்பு என்று பெயர் :)

இப்படி நெருக்கமாகப் பார்த்ததால் வேறு சிலதும் தெரிய வந்தன. ஐசோனியசிட் அதிக அளவில் சாப்பிட்ட சிலருக்குக் கை கால் எரிச்சல், மரத்துப் போதல் வந்தது. தேவதத்தா, கங்காதரம் உள்ளிட்டோர் 1960-இல் இதை எழுதினார்கள். பி6 வைட்டமின் கொடுத்தால் தடுக்கலாம் என்று அதே மையம் காட்டியது. இன்றும் டி.பி. மாத்திரையோடு பி6 தருகிறார்கள் அல்லவா, அதற்குப் பின்னால் இந்தச் சென்னை வேலையும் இருக்கிறது.

அந்த எரிச்சல் யாருக்கு அதிகம் வந்தது என்று பார்த்தபோதுதான் கதையின் சாவி கிடைத்தது.

மெது ரகம், வேக ரகம்

ஐசோனியசிட் உள்ளே போனதும் கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை மாற்றி வெளியே அனுப்பும். சிலருக்கு இந்த நொதி வேகமாக வேலை செய்யும், சிலருக்கு மெதுவாக. மெது ரகத்தினருக்கு மருந்து ரத்தத்தில் ரொம்ப நேரம் தங்கும். இது பரம்பரையாக வருவது என்று 1960-இல் எவன்ஸ் குழு அமெரிக்காவில் நிரூபித்தது. அடுத்த வருடமே சென்னை மையத்தில் கங்காதரம், பாட்டியா, ராதாகிருஷ்ணா, செல்கன் நால்வரும் தென்னிந்திய நோயாளிகளிடம் இதை அளந்து எழுதினார்கள். நம் ஆட்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் மெது ரகம். ஜப்பான் போன்ற கிழக்காசிய நாடுகளில் இது மிகவும் குறைவு.

மெது ரகமாக இருப்பது குறை இல்லை. வாரம் ஒரு தடவை மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்தபோது வேக ரகத்தினருக்குத்தான் சரியாகக் குணமாகவில்லை, மருந்து சீக்கிரம் வெளியே போய்விட்டது. மெது ரகத்தினருக்கு மருந்து நன்றாக வேலை செய்யும், ஆனால் நரம்பு எரிச்சல் போன்ற தொந்தரவும் அதிகம் வரும். ஒரு பக்கம் வரவு என்றால் இன்னொரு பக்கம் பற்று.

ஹைட்ரலசைனும் இதே நொதி வழியாகத்தான் வெளியேறுகிறது. 1954-இல் எழுதிய அதே பெர்ரி, 1970-இல் தன் குழுவோடு திரும்ப வந்தார். ஹைட்ரலசைனால் லூபஸ் போன்ற நோய் வந்தவர்கள் மெது ரகம் என்று காட்டினார். 1962-இல் இதயத் துடிப்பு மருந்தான புரோகைனமைடும் லூபஸ் உண்டாக்குவது தெரிந்திருந்தது. 1978-இல் வூஸ்லி குழு அதிலும் மெது ரகத்தினருக்குத்தான் சீக்கிரம் வருகிறது என்று சொன்னது. ஒரே மாத்திரை ஒருவருக்கு மருந்தாகவும் இன்னொருவருக்கு நோயாகவும் இருப்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சென்னை மையம் லூபஸைத் தேடிப் போகவில்லை. டி.பி.க்கு எந்த அளவு மருந்து சரி என்று பார்க்கத்தான் மெது ரகம், வேக ரகம் என்று அளந்தார்கள். ஐசோனியசிட்டால் வரும் லூபஸுக்கு இந்த மெது ரகக் காரணம் ஹைட்ரலசைன் அளவுக்குத் தெளிவாகப் பொருந்தவும் இல்லை. ஐசோனியசிட் சாப்பிடுகிறவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஏ.என்.ஏ. பரிசோதனை பாசிட்டிவ் ஆகலாம், ஆனால் உண்மையில் நோய் வருவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. பரிசோதனைச் சீட்டில் பாசிட்டிவ் என்று இருந்தாலே நோய் என்று அர்த்தம் இல்லை.

ஹைட்ரலசைன் கதையில் இன்னொரு கணக்கும் உண்டு. 1984-இல் இங்கிலாந்தில் கேமரன், ராம்சே இருவரும் 281 நோயாளிகளை மூன்று வருடம் பார்த்து எழுதினார்கள். மொத்தத்தில் 6.7 சதவீதம் பேருக்கு லூபஸ் வந்தது. பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரிகிறது. நாளுக்கு 50 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. 200 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் 10.4 சதவீதம். அதிலும் பெண்களை மட்டும் எடுத்தால் 19.4 சதவீதம், ஐந்தில் ஒருவர்! சராசரி எப்படி நம்மை ஏமாற்றும் என்று புள்ளியியல் வகுப்பில் சொல்வார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை.

எங்கள் அப்பிச்சி பல வருடம் அடெல்ஃபேன் என்ற ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிட்டார். அந்தக் காலத்து வீடுகளில் ரொம்பப் பிரபலமான பெயர். அதில் இருந்தது என்ன தெரியுமா? வகீல் உலகுக்குக் காட்டிய ரிசர்பினும், ஹைட்ரலசைனின் உடன்பிறப்பான டைஹைட்ரலசைனும். சிறிய அளவு என்பதால் அப்பிச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை, 81 வயது வரை இருந்தார். ஹைட்ரலசைனும் ஒழிந்து போகவில்லை. கர்ப்ப காலத்தில் திடீரென்று ஏறும் ரத்தக் கொதிப்புக்கு இன்றும் ஊசியாகப் போடுகிறார்கள்.

பட்டியல் பிறகு வளர்ந்தது. 1966-இல் லண்டனில், மெத்தில்டோபா என்ற ரத்தக் கொதிப்பு மருந்து சாப்பிட்ட சிலருக்கு உடம்பு தன் சிவப்பணுக்களையே அழிப்பதைக் கண்டார்கள். 1990-களில் முகப்பருவுக்குத் தரும் மினோசைக்ளின் பட்டியலில் சேர்ந்தது. அதற்கப்புறம் முடக்குவாதத்துக்கு வந்த இன்ஃப்ளிக்சிமாப் போன்ற ஊசிகள். தன்னுடல் தாக்குநோயை அடக்க வந்த மருந்தே சிலருக்கு இன்னொரு தன்னுடல் தாக்குநோயைக் கொண்டு வருகிறது! லூபஸ் உண்டாக்கலாம் என்று இப்போது சொல்லப்படும் மருந்துகள் 80-க்கும் மேல்.

திருப்பூருக்கு இதில் என்ன?

இந்த வரலாறு முழுக்க ஒரே ஒரு வேலை திரும்பத் திரும்ப வருகிறது. யாரோ ஒருவர் தேதி எழுதி வைத்திருக்கிறார். செயின்ட் லூயிஸிலும் எழுதினார்கள், சேத்துப்பட்டிலும் எழுதினார்கள். மருந்தால் வரும் நோயை நுண்ணோக்கியைவிட முதலில் காட்டிக் கொடுப்பது நோட்டுப் புத்தகம்தான்.

நம் ஊரில் என்ன நடக்கிறது? மதுரை, தேனி, ஒடிசா, பீகார் என்று எங்கிருந்தோ வருகிறார்கள். ஒரு கம்பெனியில் ஆறு மாதம், அடுத்ததில் மூன்று மாதம். ஆர்டர் இருந்தால் ஒன்றரை ஷிப்ட். உடம்பு சரியில்லை என்றால் ராத்திரி எட்டரைக்குத் திறந்திருக்கும் மெடிக்கலில், "காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்க" என்று வாங்கிக் கொள்வது. மாத்திரையைக் கத்தரித்துப் பேப்பரில் மடித்துத் தருகிறார்கள். பெயர் இல்லை, தேதி இல்லை, சீட்டு இல்லை. மூன்று மாதம் கழித்து முட்டி வலி என்று வேறு டாக்டரிடம் போனால், அவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்? எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஒரு பட்டன் எந்த பாக்ஸிலிருந்து வந்தது என்றுகூடக் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். அதைத் தைக்கிறவரின் உடம்புக்குள் என்ன போனது என்பதற்கு மட்டும் கணக்கு இல்லை.

மருந்தின் பக்க விளைவுகளைப் பதிவு செய்ய மத்திய அரசு 2010-இல் ஒரு திட்டம் ஆரம்பித்தது. அதன் தேசிய மையம் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம். டாக்டர் மட்டும் இல்லை, நோயாளியும் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம். என் வகுப்பில் 48 பேரிடம் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் இதைப் படிக்கும் வரை தெரியாது.

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். யாராவது பாதி படித்துவிட்டு, "டி.பி. மாத்திரை நோயைக் கொண்டு வருமாம்" என்று நிறுத்திவிட்டால்? எங்கள் அத்தையே 9 நாள் நிறுத்தியவர்தானே. அதனால் தெளிவாகச் சொல்கிறேன். டி.பி. மாத்திரையை நடுவில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். பிறகு வைத்தியம் இன்னும் நீளம், இன்னும் கஷ்டம், வீட்டில் இருப்பவர்களுக்கும் ஆபத்து. லூபஸ் வருவது அபூர்வம், வந்தாலும் டாக்டர் மருந்தை மாற்றினால் போய்விடும். மருந்தைப் பார்த்துப் பயப்படச் சொல்லவில்லை. புதுசாக ஏதாவது வலியோ காய்ச்சலோ வந்தால் நாமாக நிறுத்தாமல், நாமாக வலி மாத்திரை வாங்காமல், தேதியோடு போய்ச் சொல்லுங்கள் என்கிறேன்.

அதற்கு ஒரு 20 ரூபாய் நோட்டு போதும். பேரேடு மாதிரி கோடு போட்டுக் கொள்ளுங்கள். தேதி, மாத்திரை பெயர், எத்தனை வேளை, யார் கொடுத்தது, புதுசாக வந்த தொந்தரவு. ஐந்து கட்டம்தான். எழுதத் தெரியாதவர்கள் மாத்திரை அட்டையை அப்படியே பிளாஸ்டிக் கவரில் போட்டு வைக்கலாம்.

அத்தை ஆறு மாதமும் முடித்தார், சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. இப்போது மறுபடியும் செக்கிங்தான். சம்பள நோட்டின் பின்பக்கத்தில் மாத்திரைக் கணக்கு எழுதுகிறார். போன வாரம் சளிக்கு வாங்கிய மாத்திரைகூட அதில் இருக்கிறது. "எதுக்கு அத்தை சளி மாத்திரையெல்லாம்?" என்று கேட்டேன்.

"டாக்டர் மறுக்காக் கேட்டா உன்னையவா கேக்கறது? உனக்கே அன்னைக்குத் தெரியலை" என்றார்.

பதில் சொல்ல முடியவில்லை. நானும் ஒரு நோட்டு வாங்கிவிட்டேன். மீண்டும் சந்திப்போம்.